மருந்து விலை யார் கையில்? டர்பனில் என்னிடம் கேட்ட கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்துக்கடையில் நின்றவள் நான். ஓய்வு பெற்றும் கேள்விகள் ஓயவில்லை. தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் கேட்பார்கள். புரட்டாசி சனிக்கிழமை கோயிலில் சாப்பிட்டுக் கை கழுவும் இடத்திலும் கேட்பார்கள். "இந்த மாத்திரை ஏன் இவ்வளவு விலை?" என்றுதான் பேச்சு தொடங்கும். கொஞ்ச நேரத்தில் அது ஜெனீவா, பிரிட்டோரியா, சென்னை என்று எங்கெங்கோ போய்விடும். அடிக்கடி வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தருகிறேன்.

ஒரே மாத்திரை சென்னையில் ஒரு விலை, டர்பனில் ஒரு விலை. ஏன் அக்கா?

பல நேரங்களில் காரணம் காப்புரிமை. ஒரு மருந்துக்கு இந்தியாவில் காப்புரிமை மறுக்கப்பட்டிருக்கலாம், அதே மருந்துக்கு இங்கே காப்புரிமை இருக்கலாம். அப்போது அங்கே பல கம்பெனிகள் அதைச் செய்து போட்டி போட்டு விற்கும். இங்கே ஒரே கம்பெனி விற்கும், அது சொன்னதுதான் விலை. 2004 முதல் நம் நாட்டில் ஒரு விதி இருக்கிறது. தயாரிப்பாளர் தனியார் துறை முழுக்க ஒரு மருந்துக்கு ஒரே விலைதான் வைக்க வேண்டும், அதற்கு மேல் கடைக்காரரின் கட்டணம் மட்டும் சேரும். அதனால் டர்பனின் ஃபீனிக்ஸில் வாங்கினாலும் கேப் டவுனில் வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் அந்த ஒரே விலையை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதைத் தயாரிப்பாளர்தான் முடிவு செய்கிறார்.

காப்புரிமை என்றால் என்ன?

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு அரசு சில ஆண்டுகளுக்கு "இதை வேறு யாரும் செய்யவோ விற்கவோ கூடாது" என்று தரும் உரிமை. அதற்குப் பதிலாக, அதை எப்படிச் செய்வது என்று அவர் எழுதி வெளியிட வேண்டும். காலம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். விண்ணப்பித்த நாளிலிருந்து குறைந்தது 20 ஆண்டுகள் என்பது இப்போது உலக வழக்கம்.

அந்த 20 ஆண்டு எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். 1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. அதில் சேரும் நாடுகள் எல்லாம் டிரிப்ஸ் என்ற அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தையும் ஏற்க வேண்டும். துணி விற்க வேண்டுமா, சர்க்கரை விற்க வேண்டுமா, அப்படியென்றால் மருந்துக் காப்புரிமைக்கும் கையெழுத்துப் போடு என்று இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார்கள். அதற்கு முன்பு, 1970-ல் இயற்றிய சட்டப்படி, இந்தியா மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. செய்முறைக்கு மட்டும்தான் தந்தது. அதனால்தான் அங்கே ஜெனரிக் ஆலைகள், அதாவது அதே மருந்தை மலிவாகச் செய்யும் மற்றக் கம்பெனிகளின் ஆலைகள், வளர்ந்தன. 2005 வரை இந்தியாவுக்கு அவகாசம் இருந்தது. மிகவும் ஏழையான நாடுகளுக்கு மருந்துகளைப் பொறுத்தவரை 2033 வரை அவகாசம் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. தென்னாப்பிரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை.

ஏழை நாடு ஒன்று பெரிய கம்பெனியிடம் எப்படிப் பேரம் பேச முடியும்?

டர்பனின் வாரிக் சந்தையில் கீரை வாங்குகிற எல்லோருக்கும் இது தெரியும். விலை கேட்டுவிட்டு அடுத்த கடைப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தால்தான் "வாம்மா, வா" என்று கூப்பிட்டு விலையைக் குறைப்பார்கள். சந்தையில் ஒரே கடைதான் என்றால் நீங்கள் திரும்பி நடந்தும் பயனில்லை.

காப்புரிமை மற்றக் கடைகளை எல்லாம் மூடிவிடுகிறது. கட்டாய உரிமம் அதில் ஒன்றைத் திறக்கிறது. உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும், அவருக்கு ஒரு ராயல்டி கொடுத்துவிட்டு, வேறொருவர் அந்த மருந்தைச் செய்யவோ தருவிக்கவோ அரசு அனுமதிக்கலாம். இது திருட்டு அல்ல. டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 31-ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

பிரேசில் இதை நன்றாகப் பயன்படுத்தியது. 2001-ல் நெல்ஃபினாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்துக்குக் கட்டாய உரிமம் தருவோம் என்று அறிவித்தது. உரிமம் தரும் தேவையே வரவில்லை, ரோஷ் நிறுவனம் 40 சதவீதம் விலையைக் குறைத்தது. அந்தப் பேச்சு வெறும் மிரட்டல் அல்ல, பிரேசிலின் அரசு ஆலைகளுக்கு மருந்து செய்யத் தெரியும். 2007-ல் எஃபாவிரென்ஸ் விஷயத்தில் பேரம் படியாதபோது உண்மையாகவே உரிமம் தந்தார்கள். மெர்க் நிறுவனம் ஒரு மாத்திரைக்கு 1.59 டாலர் வாங்கியது. இந்திய ஜெனரிக் 0.45 டாலருக்கு வந்தது.

தாய்லாந்து அதே காலத்தில் இதைச் செய்தபோது அடி விழுந்தது. அபாட் நிறுவனம் தன் புதிய மருந்துகள் சிலவற்றைத் தாய்லாந்தில் பதிவு செய்வதையே நிறுத்திக்கொண்டது. ஆகவே துணிச்சல் மட்டும் போதாது. எதிர்த்தரப்பு அடுத்து எதைப் பிடித்து இழுக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும். மலேசியா 2017-ல் கல்லீரல் அழற்சி சி மருந்தான சோஃபோஸ்புவிருக்கு உரிமம் தரப் போகும் நேரத்தில், அதுவரை மலேசியாவை ஒதுக்கி வைத்திருந்த கிலியட் நிறுவனம் தன் ஜெனரிக் ஒப்பந்தப் பட்டியலில் அந்த நாட்டையும் சேர்த்தது.

நெல்சன் மண்டேலா மேல் மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட்டது உண்மையா? என் பேரன் நம்ப மாட்டேன் என்கிறான்.

உண்மைதான். பேரனிடம் சொல்லுங்கள்.

1997-ல் நம் நாடாளுமன்றம் மருந்துச் சட்டத்தைத் திருத்தியது. அதில் 15சி என்ற பிரிவு, ஒரு கம்பெனி தன் மருந்தை வேறொரு நாட்டில் மலிவாக விற்றால் அங்கிருந்தே தருவிக்க வழி செய்தது. மருந்துத் தயாரிப்பாளர் சங்கமும் பன்னாட்டுக் கம்பெனிகளும் 1998 பிப்ரவரியில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் போனார்கள். விசாரணைக்கு வந்தபோது வழக்காடியவர்கள் 39 பேர். குடியரசுத் தலைவர் என்ற முறையில் பிரதிவாதிகளில் முதல் பெயர் மண்டேலாவுடையது. அமெரிக்கா தன் பங்குக்குத் தென்னாப்பிரிக்காவை வர்த்தகக் கண்காணிப்புப் பட்டியலில் ஏற்றியது.

அந்த ஆண்டுகளை நான் கடையில் நின்று பார்த்தேன். 1999 என்று நினைவு. ஓர் இளைஞர் மனைவிக்காகச் சீட்டுக் கொண்டு வந்தார். எச்.ஐ.வி. முற்றியவர்களுக்கு மூளையிலும் தொண்டையிலும் வரும் பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோல். விலையைச் சொன்னேன். சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. தாய்லாந்தில் அதே மருந்து மிக மிக மலிவு என்று எனக்கு அப்போது தெரியாது. மறு ஆண்டு, எச்.ஐ.வி. நோயாளிகளுக்காகப் போராடிய ட்ரீட்மென்ட் ஆக்ஷன் கேம்பெயின் அமைப்பின் ஸாக்கி அக்மத் தாய்லாந்து போய் அந்த ஜெனரிக்கை வெளிப்படையாகக் கொண்டு வந்தபோதுதான் தெரிந்தது. நான்காக மடித்த அந்தச் சீட்டு இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

2000 ஜூலையில் உலக எய்ட்ஸ் மாநாடு நம் டர்பனில் நடந்தது. பதினொரு வயதுச் சிறுவன் நிகோசி ஜான்சன் மேடையேறிப் பேசினான். உலகத்தின் பார்வை இங்கே திரும்பியது. 2001 மார்ச் 5 அன்று வழக்கு விசாரணைக்கு வந்தபோது, நோயாளிகளின் அந்த அமைப்பும் நீதிமன்றத்துக்கு உதவும் தரப்பாகச் சேர அனுமதி பெற்றது. அவர்கள் கம்பெனிகளிடம் விலைக் கணக்கைக் கேட்டார்கள். இந்த மருந்துகளில் எத்தனை உங்கள் ஆய்வகத்தில் பிறந்தவை, எத்தனை அரசுப் பணத்தில் பிறந்தவை என்று கேட்டார்கள். ஏப்ரல் 19 அன்று 39 பேரும் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள்.

அப்படியென்றால் மறுநாளே மருந்து கிடைத்ததா?

இல்லை. விலை இறங்கியதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஒருவருக்கு ஓராண்டு எச்.ஐ.வி. சிகிச்சை அதுவரை 10,000 டாலருக்கு மேல். 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறோம் என்றது. அடுத்த கடை திறந்துவிட்டது.

ஆனால் அப்போது நம் அரசே தடையாக நின்றது. எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணமா என்று குடியரசுத் தலைவர் தாபோ எம்பெக்கியே சந்தேகம் கிளப்பிய காலம் அது. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்று பரவாமல் காக்கும் நெவிராபினைப் பொது மருத்துவமனைகளில் தரும்படி அரசியலமைப்பு நீதிமன்றம் 2002 ஜூலையில் உத்தரவிட வேண்டியிருந்தது. அரசு மருத்துவமனைகளில் முழுச் சிகிச்சை 2004-ல்தான் தொடங்கியது. இந்தத் தாமதத்தால் 3,30,000-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். கம்பெனிகளை மட்டும் குற்றம் சொல்லி இந்தக் கதையை முடிக்க எனக்கு மனம் வராது.

நடுவில் 2002-ல் ஹேசல் டௌ என்ற பெண்ணும் மற்றவர்களும் காப்புரிமைச் சட்டத்தை விட்டுவிட்டு, சந்தையில் நியாயமான போட்டியைக் காக்கும் போட்டி ஆணையத்தின் கதவைத் தட்டினார்கள். இரண்டு கம்பெனிகள் அளவுக்கு மீறிய விலை வைத்துச் சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாக 2003 அக்டோபரில் ஆணையம் கண்டது. டிசம்பரில் கிளாக்ஸோஸ்மித்க்ளைனும் போரிங்கர் இங்கல்ஹைமும் சமரசத்துக்கு வந்து ஜெனரிக் நிறுவனங்களுக்கு உரிமம் தந்தன. இந்த வழியை நினைவில் வையுங்கள், கீழே மறுபடியும் வரும்.

தோஹா பிரகடனம் என்று பேப்பரில் படித்தேன். அது என்ன?

2001 நவம்பர் 14 அன்று தோஹாவில் உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் வெளியிட்டது. பொது மக்களின் உடல்நலத்தைக் காக்க நாடுகள் எடுக்கும் நடவடிக்கையை டிரிப்ஸ் தடுக்காது, தடுக்கவும் கூடாது என்றது. எந்தக் காரணத்துக்குக் கட்டாய உரிமம் தருவது என்று முடிவு செய்வது அந்தந்த நாட்டின் உரிமை என்றும் சொன்னது. ஆப்பிரிக்க நாடுகள் ஒரே குரலில் நின்றதும், பிரேசிலும் இந்தியாவும் கூடவே நின்றதும் அதைச் சாத்தியமாக்கின. பிரிட்டோரியா வழக்கு முடிந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை, அந்தச் சூடு தோஹா வரை போனது.

ஒரு சிக்கலை மட்டும் பிறகு தீர்க்கலாம் என்று தள்ளி வைத்தார்கள். கட்டாய உரிமத்தில் செய்த மருந்து பெரும்பாலும் உள்நாட்டுக்கே என்பது விதி. ஆலையே இல்லாத நாடு என்ன செய்யும்? 2003-ல் ஏற்றுமதிக்கு ஒரு வழி வகுத்தார்கள், 2017-ல் அது ஒப்பந்தத்திலேயே சேர்ந்தது. ஆனால் அந்த வழியில் முழுதாக நடந்து சேர்ந்தது ருவாண்டா ஒன்றுதான். கனடாவின் அபோடெக்ஸ் 2008, 2009-ல் அங்கே எச்.ஐ.வி. மருந்து அனுப்பியது. காகிதம் அவ்வளவு, நடைமுறை அவ்வளவு. நம்மைக் கேட்டால் அது திறந்த கதவு அல்ல, சாவித் துவாரம்.

இதில் சென்னைக்கு என்ன பங்கு? நம்ம ஊர்க்காரர்கள் பெருமைப்பட ஏதாவது உண்டா?

உண்டு. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்டிஸ் 1998-ல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். தெரிந்த பொருளின் புதிய வடிவம் நோயைக் குணப்படுத்துவதில் மேம்பட்டதாக இல்லாவிட்டால் காப்புரிமை கிடையாது என்கிறது இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அதன்படி 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அந்தப் பிரிவே செல்லாது என்று நோவார்டிஸ் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இறுதியாக மறுத்தது. மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற மருந்து ஜெனரிக்காகப் பத்தாயிரத்துக்குள் கிடைத்தது.

அங்கே அதிகாரி ஒருவர் விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்து "இது புதிது இல்லை" என்று சொன்னார். நம் நாட்டில் அப்படிப் படித்துப் பார்ப்பவரே கிடையாது. 1978 காப்புரிமைச் சட்டப்படி படிவம் சரியாக இருந்து கட்டணமும் கட்டியிருந்தால் பதிவாகிவிடும். உண்மையில் புதியதா என்று யாரும் ஆராய்வதில்லை. 2008-ல் மட்டும் தென்னாப்பிரிக்கா 2,442 மருந்துக் காப்புரிமைகளைத் தந்தது. விண்ணப்பத்தை ஆராயும் பிரேசில் 2003 முதல் 2008 வரை தந்தது 278.

காசநோய் மாத்திரை விஷயத்தில் இரண்டு பெண்கள் வழக்காடினார்களாமே?

அவர்களைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. ஒருவர் மும்பையின் நந்திதா வெங்கடேசன். இன்னொருவர் கேப் டவுன் கயலிட்ஷாவின் பும்ஸா டிசிலே. இருவருக்கும் மருந்துக்கு அடங்காத காசநோய் வந்தது. பழைய முறையில் போட்ட ஊசி மருந்தின் நச்சால் இருவரும் காது கேட்கும் திறனை இழந்தார்கள். பெடாகிலின் என்ற மாத்திரை இருந்தால் அந்த ஊசியே வேண்டாம். அதன் முதல் காப்புரிமை 2023 ஜூலையில் முடிய இருந்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் அதே மருந்தின் வேதியியல் உப்பு வடிவத்துக்கு இன்னொரு காப்புரிமை கேட்டு 2027 வரை நீட்டப் பார்த்தது. இந்த இரண்டு பெண்களும் 2019-ல் இந்தியாவில் எதிர் மனு போட்டார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நீட்டிப்பை மறுத்தது.

இங்கே என்ன நடந்தது? அந்த இரண்டாவது காப்புரிமை இங்கே முன்பே பதிவாகி இருந்தது. அதனால் காசநோய்ச் சுமை மிகுந்த நாடுகளில் ஒன்றான நாம், உலகக் கூட்டுக் கொள்முதலில் வாங்கும் நாடுகளைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு விலை கொடுத்தோம். அந்த மருந்தின் பரிசோதனைகளில் தென்னாப்பிரிக்க நோயாளிகளும் பங்கெடுத்தவர்கள். 2023 செப்டம்பரில் போட்டி ஆணையம் விசாரணை தொடங்கியது. இரண்டு வாரத்துக்குள் கம்பெனி, நம் நாடு உட்பட 134 நாடுகளில் அந்தக் காப்புரிமையை வலியுறுத்த மாட்டோம் என்றது. 2004-க்கு முன் எச்.ஐ.வி. மருந்துக்குத் திறந்த அதே கதவுதான்.

கோவிட் நேரத்தில் தென்னாப்பிரிக்கா உலக அளவில் பேசியதே, ஜெயித்ததா?

பாதிகூட இல்லை. 2020 அக்டோபர் 2 அன்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்து, நோய் ஓயும் வரை கோவிட் தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவி எல்லாவற்றிலும் அறிவுசார் சொத்துரிமையை நிறுத்தி வைக்கக் கேட்டன. நூறு நாடுகளுக்கு மேல் ஆதரித்தன. 2022 ஜூன் 17 அன்று முடிவு வந்தபோது தடுப்பூசி மட்டும்தான் மிஞ்சியது, அதுவும் காப்புரிமைக்கு மட்டும். அதற்குள் இருபது மாதம் ஓடிவிட்டது, எத்தனையோ வீடுகளில் துக்கம் நடந்துவிட்டது.

அந்தக் காலத்தின் மற்றொரு பாடம் ரகசியம். புனேயில் செய்த அஸ்ட்ராஜெனகா தடுப்பூசிக்கு நாம் டோஸுக்கு 5 டாலருக்கு மேல் கொடுத்தோம், ஐரோப்பிய ஒன்றியம் அதில் பாதிக்கும் குறைவு. கெபேஹாவில் (பழைய போர்ட் எலிசபெத்) புட்டியில் அடைத்த ஜான்சன் தடுப்பூசிகள் நம் ஜனங்கள் வரிசையில் நிற்கும்போது ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. ஒப்பந்தங்களைக் காட்ட அரசு மறுத்தது. ஹெல்த் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு வழக்குப் போட்டு 2023 ஆகஸ்டில் வென்ற பிறகுதான் விலைகளும் நிபந்தனைகளும் வெளியே வந்தன. பக்கத்து வீட்டுக்காரர் என்ன விலைக்கு வாங்கினார் என்று தெரியாமல் யாரும் நல்ல பேரம் பேச முடியாது.

கம்பெனி கோடி கோடியாக ஆராய்ச்சிக்குக் கொட்டுகிறது. அவர்களுக்கும் வேண்டாமா?

வேண்டும். புது மருந்து சும்மா பிறப்பதில்லை, முயன்று தோற்றவையும் செலவில் சேரும். அந்தச் செலவை ஏழை நாட்டு நோயாளியிடமிருந்துதான் வாங்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. இரண்டும் ஒத்துப்போக வழி இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டே ஊசியில் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் லெனகாபவிர் அமெரிக்காவில் ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம் பெண்களிடம் அதைச் சோதித்தபோது ஊசி போட்ட 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. கிலியட் 120 நாடுகளுக்காக ஆறு ஜெனரிக் நிறுவனங்களுக்கு உரிமம் தந்திருக்கிறது. 2027 முதல் ஆண்டுக்குச் சுமார் 40 டாலருக்குத் தருவதாக இரண்டு இந்திய நிறுவனங்கள் அறிவித்திருக்கின்றன. நம் நாடு அந்தப் பட்டியலில் இருக்கிறது. பிரேசில் இல்லை, அங்கேயும் ஏழைகள் இருக்கிறார்கள்.

என் இன்சுலின் பேனா அரசு மருத்துவமனையில் கிடைக்கவில்லை. அதுவும் காப்புரிமையாலா?

நம் வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத வீடு அரிது, அதனால் இந்தக் கேள்வி எப்போதும் வரும். இல்லை. மனித இன்சுலின் பழைய மருந்து. 2024-ல் அரசுக்குப் பேனா தந்துவந்த கம்பெனி ஒப்பந்தம் முடிந்ததும் தொடரவில்லை, வேறு யாரும் முன்வரவில்லை. புட்டியும் ஊசியும்தான் மிஞ்சின. கண் மங்கிய ஆயா ஒருவர் புட்டியிலிருந்து அளவு பார்த்து எடுப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். காப்புரிமை இல்லாவிட்டாலும் உலகில் ஓரிருவர் மட்டுமே செய்யும் பொருள் என்றால் அதே நிலைதான்.

நம் அரசியலமைப்பில் மருத்துவம் உரிமை என்று இருக்கிறதே?

27-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் "இருக்கும் வளங்களுக்குள்" என்ற சொல்லும் அங்கேயே இருக்கிறது. அந்தச் சொல்லை அரசியலமைப்பு நீதிமன்றம் முதன்முதலில் எடைபோட்டது நம் டர்பன்காரரின் வழக்கில். சிறுநீரகம் செயலிழந்த தியாகராஜ் சூப்பிரமணி டயாலிசிஸ் கேட்டார். 1997 நவம்பரில் நீதிமன்றம் மறுத்தது, சில நாளில் அவர் காலமானார். வளம் எவ்வளவு என்பது விலையைப் பொறுத்தது. மருந்து பத்தில் ஒரு பங்கு விலைக்கு வந்தால், அதே வரவுசெலவுக் கணக்கில் பத்து மடங்கு பேருக்கு உரிமை உயிர் பெறும்.

இதைத் தெரிந்தும் நாம் சட்டத்தைத் திருத்தாமல் காலம் கடத்துகிறோம் என்பதுதான் என் வருத்தம். விண்ணப்பங்களை ஆராய வேண்டும் என்று 2018 மே மாதம் அமைச்சரவை ஒரு கொள்கையை ஏற்றது. கொள்கை வந்து ஆண்டுகள் பல ஆகியும் 1978 சட்டத்தில்தான் நிற்கிறோம். மருந்துக்கு ஒரு கட்டாய உரிமம்கூட இந்த நாடு தந்ததில்லை. உலக மேடையில் உரக்கப் பேசும் நாடு, தன் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட மறந்துவிட்டது.

கடையில் நான் என்ன செய்யலாம்?

ஜெனரிக் கேளுங்கள். ஜெனரிக் தரம் குறைந்தது என்ற பயம் வேண்டாம், பதிவுக்கு முன் அது மூல மருந்துக்கு உடலில் இணையாக வேலை செய்கிறது என்று காட்டியாக வேண்டும். ஜெனரிக் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்வது மருந்தாளரின் கடமை. நீங்கள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால், மருத்துவர் "மாற்றக் கூடாது" என்று தன் கையால் எழுதியிருக்காவிட்டால், மலிவான ஜெனரிக்கைத்தான் அவர் தர வேண்டும். அப்படி எழுதியிருந்தால் ஏன் என்று மருத்துவரைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஜெனரிக் பற்றிச் சொல்லவும் தரவும் மருந்தாளரைக் கட்டாயப்படுத்துவது மருந்துச் சட்டத்தின் 22எஃப் பிரிவு. 39 கம்பெனிகள் நீதிமன்றத்தில் எதிர்த்த அதே 1997 திருத்தத்தில் வந்தது.